குருசடியின் இடது கை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், மானகிரிக்குத் தெற்கே வயலுக்குள் நிற்கிற கல் சிலுவையின் மிச்சக் கையும் ஒடிந்து விழட்டும். குன்றக்குடி முருகன் மேலும் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் அதை மலையேறிப் போய்ச் செய்ய வேண்டும், முழங்கால் ஒத்துவராது. ஆகவே சத்தியம் சிலுவை மேலேயே இருக்கட்டும். நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்படுகிறது.

அந்தச் சிலுவைக்கு ஏன் ஒற்றைக் கை என்பது தெரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. சின்னராஜின் வயலும் ஈஸ்வரனின் வயலும் முட்டுகிற வரப்பு முக்கில், இடுப்பளவு பீடத்தின் மேல் அது நிற்கிறது. குருசடி என்பார்கள். காலரா வருடத்தில் சின்னராஜின் பூட்டன் நட்டது. தை அறுப்பில் முதல் அரிவாள் போட்டதும், ஒரு கை கதிரைப் பனைநாரில் கட்டிச் சிலுவையின் வலது கையில் தொங்கவிடுவது சின்னராஜ் வீட்டு வழக்கம். இடது கை ஈஸ்வரன் வீட்டுக்கு. ஈஸ்வரன் வகையறா ஐயனாருக்குக் கிடாய் வெட்டுகிறவர்கள். இருந்தாலும் கண்மாய் ஒன்று, மடை ஒன்று, தண்ணீரும் சிலுவையைச் சுற்றித்தான் இரண்டு வயலுக்கும் பிரிகிறது. ஒரு கையை அவர்களுக்கு விடாவிட்டால் என்ன நியாயம் என்று பூட்டன் காலத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். இதற்கு எந்த ஆயரும் உத்தரவு கொடுக்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

இடது கையைக் கொண்டுபோனது கஜா புயல்.

புயலுக்குச் சில நாள் முன்னால், அதே ஐப்பசியில்தான் ஈஸ்வரனின் ஒரே மகன் வேல்பாண்டி டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவன். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஈஸ்வரனின் மனைவி செந்தாமரை குருசடியில் மெழுகுவத்தி ஏற்றாத சாயங்காலம் கிடையாது. ஈஸ்வரனே ஈர வேட்டியோடு மண்டியிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. பையன் போன வீட்டில் அழுகை அடங்குவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. லேசுப்பட்ட காற்று இல்லை. தேவகோட்டைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்றைத் தூக்கிவந்து மானகிரி ரேஷன் கடை வாசலில் நிறுத்தியது. ஆடும் வந்ததுக்கு வந்தோம் என்று வரிசையில் நின்றது. தென்னை போயிற்று, கொட்டகைக் கூரை போயிற்று, சிலுவையின் இடது கை போயிற்று. கூரையெல்லாம் எங்கெங்கோ கிடைத்தது. கை மட்டும் கிடைக்கவில்லை. அன்று காலையில் கருங்கல் ஒன்று இலங்கைப் பக்கமாகப் பறந்துபோனதைத் தொண்டிக் கடலோரத்தில் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்வரன் தன் துக்கத்தையும் பார்க்காமல், உள்ளங்கையில் துணிக்கட்டோடு வந்து சின்னராஜ் வாசலில் விழுந்த முருங்கையை அறுத்துப் போட்டார். கையில் என்ன என்று கேட்டதற்கு, கல் கிழித்துவிட்டது என்றார்.

அதிலிருந்து இரண்டு வீட்டுக் கதிரும் வலது கையிலேயே தொங்கின. யாரும் புதுக் கை வைக்கவில்லை. வைக்கலாம் என்று சின்னராஜ் சொல்லும்போதெல்லாம், "இருக்கட்டும் மாப்ள. அதுக்கும் ஒரு கை கொறைஞ்சுதான் கெடக்கட்டுமே" என்று ஈஸ்வரன் தள்ளிப்போட்டார். மாப்ள, மச்சான் என்பது ரத்த முறை இல்லை. எந்த முறையும் இல்லாத இரண்டு பேர் ஒரே மடையில் நாற்பது வருடம் தண்ணீர் பாய்ச்சினால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறை.

சின்னராஜுக்கும் ஒரே பிள்ளைதான். ஜெரினா. கன்னியாஸ்திரியாகி, நர்ஸுக்குப் படித்து, வடக்கே ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸை விட்டும் இறங்கி, மேலும் நடந்து போக வேண்டிய ஊரில் மடத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். சில வருடம் கழித்து ஒரு கார்த்திகையில், காய்ச்சலோடு தூக்கிவந்த ஒரு குழந்தைக்கு மாத்திரை கொடுத்தாள். கொடுக்கும்போது நெற்றியில் கைவைத்து வாய்க்குள் ஏதோ சொன்னாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் ஒரு கூட்டம் வந்தது. அதன் பின்னாலேயே போலீஸ் வந்தது. ஏமாற்றி மதம் மாற்ற முயன்றதாக வழக்கு. அந்த மாநிலத்தில் அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஜாமீன் சுலபமாகக் கிடைக்காது. காய்ச்சல் இறங்கியதுதான் அவளுக்கு எதிரான முக்கியச் சாட்சியம். இறங்காமல் இருந்திருந்தால் வீட்டில் இருந்திருப்பாள்.

வாரத்துக்கு ஒருமுறை ஜெயிலிலிருந்து பேச விட்டார்கள். ஆனால் தமிழில் பேசக்கூடாது. பக்கத்தில் நிற்கிற காவலுக்குப் புரிகிற பாஷையில்தான் பேச வேண்டும். ஆகவே ஜெரினா தன் அம்மாவிடம் இந்தியில் பேசினாள். ஞானபூரணிக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. "கானா காயா?" என்றால் சாப்பிட்டியா என்று அர்த்தம் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். மகள் என்ன சொன்னாலும் "அச்சா" என்றாள். சில நேரம் மகள் நீளமாக ஏதோ சொல்லி நிறுத்துவாள். அது அழுகையா செய்தியா என்று தெரியாது. அதற்கும் "அச்சா"தான். போனை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். மகள் பிடிபட்ட நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

தை பிறந்தது. கண்மாய் நிறைந்த வருடம், நெல் நன்றாக வந்திருந்தது. அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்து முறை போட்டுக்கொண்டிருந்த நாளில், பங்குச் சாமியார் அந்தோணி பிரபு ஒரு வெள்ளைக்காரரைக் காரில் கூட்டிவந்தார். ஏதோ குளிர் நாட்டுக்காரர். பெயர் லார்ஸ். அப்படி ஒரு புனிதரைத் தெரியாததால் ஞானபூரணி அவரை லாரன்ஸு என்றே வைத்துக்கொண்டாள். நல்ல உயரம். நிலைப்படியில் தலை இடித்து, அடுத்து உத்தரத்தில் இடித்து, உட்கார்ந்த பிறகு மின்விசிறிக்குப் பயந்து குனிந்தே இருந்தார். உலகத்தில் எந்த நாட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனை எவன் அடித்தாலும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, ஐ.நா. வரைக்கும் வாசிக்கிற அமைப்பில் வேலை. பர்மாவில் முஸ்லிம் அகதிகளோடு சேற்றில் படுத்துக் கிடந்தவர் என்று சாமியார் சொன்னார். நல்ல மனிதர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஜெரினாவைப் பற்றி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, இந்த ஊரில் உங்களுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டார். சாமியார் தமிழில் சொன்னார்.

"இங்குட்டு என்ன சாமி தொந்தரவு," என்றார் சின்னராஜ். "மடைத் தண்ணிக்குச் சண்ட வரும். அது வேதத்துக்காக வாரதில்ல, தண்ணிக்காக வாரது."

சாமியார் அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரரின் பேனா நின்றுவிட்டது. விருந்தாளியின் பேனா சும்மா இருப்பது, விருந்தாளியின் இலை காலியாக இருப்பதைப் போலச் சின்னராஜுக்கு உறுத்தியது. மானகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு நோய். வந்தவர் எதைக் கேட்கிறாரோ அது வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கியாவது வைத்துவிட வேண்டும்.

வெள்ளைக்காரர் தணிந்த குரலில் ஏதோ விளக்கினார். அதைச் சாமியார் சொன்னார்: ஒரு இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள் என்றால் அது ஒரு சம்பவம். பெரிய சபைகளில் அதைக் கேட்டுவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணின் சொந்த ஊரிலும் ஏதாவது நடந்திருந்தால், இது பரவலாக இருக்கிறது என்று காட்ட முடியும். அப்போதுதான் ஒரு மந்திரி இன்னொரு மந்திரிக்குப் போன் பண்ணுவார். நடக்கவில்லையென்றால் வேண்டாம், நடக்காததை எழுதுவது எங்கள் வேலை இல்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வெள்ளைக்காரர் கேட்டார்: அந்தச் சிலுவைக்கு என்ன ஆயிற்று?

"புயல் சாமி," என்றார் சின்னராஜ்.

பேனா அசையவில்லை.

மதியம் சாப்பாடு கொட்டகையில். ஈஸ்வரன் தன் வீட்டுச் சேவலை அறுத்துக் கொடுத்திருந்தார். இடியாப்பம், கோழிக்குழம்பு, வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. வெள்ளைக்காரர் சட்னியைத் தக்காளி ஜாம் என்று நினைத்து வழித்து வாயில் போட்டார். முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. காது வழியாகப் புகை வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மனுசன் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, மறுபடியும் வாங்கிக்கொண்டார். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இப்படிப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்பது அந்த நிமிடத்தில் அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

சாமியாருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே களத்துப் பக்கம் நடந்தார். அப்போது, பந்தி விசாரித்துக்கொண்டிருந்த ஈஸ்வரன் இடியாப்பத் தட்டைக் கீழே வைத்தார். இளவயதில் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர். அந்த இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"சார்," என்றார். "தட் குருஸ். மீ பிரேக்."

வெள்ளைக்காரர் நிமிர்ந்தார். நீங்களா என்று கேட்டார்.

"மீ. ஹேமர்."

ஏன் என்று கேட்டார். ஈஸ்வரன் துண்டால் கையைத் துடைத்தார். பிறகு "ஆங்க்ரி" என்றார். யார் மேல் கோபம், இந்தக் குடும்பத்தின் மேலா என்று கேட்டார் வெள்ளைக்காரர். ஈஸ்வரன் தலையை ஆட்டி மறுத்து, வயலில் நின்ற சிலுவையைக் காட்டினார்.

"ஹிம்," என்றார். குரல் உடைந்திருந்தது.

பேனா ஓடத் தொடங்கியது. மச்சானுக்கு இவ்வளவு நடிப்பு வருமென்று சின்னராஜுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தனக்கே கண் கலங்கிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சாமியார் போன் பேசிவிட்டுத் திரும்பியபோது வெள்ளைக்காரர் நோட்டை மூடிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

கார் போனபிறகு சின்னராஜ் கேட்டார். "என்ன மச்சான் இப்படிச் சொல்லிப்புட்டீக?"

"பிள்ள வெளிய வரணுமா வேண்டாமா?"

"வரணும்."

"அப்பச் சும்மா இருங்க. எம் பேரு கெட்டா என்ன மாப்ள? எனக்கென்ன இனிமே பையனுக்குப் பொண்ணு பாக்குற வேல இருக்கா?"

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஞானபூரணி வெளியே வந்து ஈஸ்வரனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு உசுரு உள்ள கெடக்கு அண்ணே. ஒங்களுக்கு அடுத்த பெறவியில..." என்று தொடங்கி, தன் வேதத்தில் அடுத்த பிறவி கிடையாது என்பது நினைவுக்கு வந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். துக்க வீட்டுக்குப் பொருளாகச் செய்ய முடியாதவன் தோள் கொடுப்பதைப் போல இதை எடுத்துக்கொண்டார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று மட்டும் சின்னராஜ் மனதில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் நற்கருணை வாங்கப் போகவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது பத்தில் ஒன்று. சொல்லவில்லைதான், சொல்லும்போது பக்கத்தில் இருந்து குழம்பு ஊற்றினால் அது எந்தக் கணக்கு? கோயிலின் பின்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, வரிசை நகரும்போது வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தினமும் போட்டுப் பழகிய செருப்பைத் தேட அவ்வளவு நேரம் ஆவதைச் சாமியார் கவனித்தார். ஆனால் கேட்கவில்லை.

பங்குனியில் அறிக்கை வந்தது. அதில் ஞானபூரணியின் படம் போட்டு, 'ஒரு தாயின் கண்ணீர்' என்று எழுதியிருந்தார்கள். கோழிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம். அடுத்த பக்கத்தில் ஒற்றைக் கைச் சிலுவை. காரைக்குடி அருகே ஒரு இந்து நில உடைமையாளர் சிலுவையின் மேலுள்ள வெறுப்பால் அதைச் சம்மட்டியால் உடைத்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார், குடும்பத்தார் அச்சத்தால் புயல் என்றே சொல்கிறார்கள், என்று கண்டிருந்தது. பெயர் போடவில்லை. அந்தச் சிலுவைக்குப் பக்கத்து வயல் யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவையும் இல்லை. எங்கோ ஒரு குளிர் நாட்டுச் சபையில் ஒருவர் எழுந்து நின்று இதை வாசித்தாராம். மானகிரி என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் அது வேறு ஊர் மாதிரி இருந்ததாம். தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தது. பிறகு எல்லோருடைய போனிலும் வந்தது.

முதலில் வந்தவர்கள் சால்வைக்காரர்கள். காரைக்குடியிலிருந்து முத்துவீரன் என்ற இளைஞனும் அவன் அமைப்புப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களில் வந்து, ஈஸ்வரன் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருக்கும்போதே தோளில் காவிச் சால்வையைப் போட்டுப் படம் எடுத்தார்கள். அய்யா துணிஞ்ச ஆளு, தர்மம் காத்தீக என்றான் முத்துவீரன். ஈஸ்வரன் தவிட்டுக் கையைத் தொட்டியிலேயே கழுவினார். சால்வையை எடுத்து மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"தம்பி, நான் ஒடிச்சது எனக்காக," என்றார். "ஒங்களுக்காக இல்ல. போயிட்டு வாங்க."

படத்தில் மடித்துக் கொடுத்தது வரவில்லை. போட்டது மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. ஞானபூரணி பால் வாங்குகிற வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். மாடு கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தது. சின்னராஜின் பம்புசெட்டுச் சுவரில் கரியால் எதையோ எழுதி, அதன் மேல் இன்னொருவர் சாணியால் பதில் எழுதியிருந்தார்கள். வெளியூர்க் கிறிஸ்தவப் பையன்கள் நாலைந்து பேர் வந்து, மறுபடி சிலுவை மேல் கை வைத்துப் பாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஈஸ்வரன் வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். குருசடிக்குக் காவலாக ஒரு போலீஸ்காரரைப் போட்டார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் குடைபிடித்து உட்கார்ந்து, மிச்சமிருந்த கை எங்கும் போய்விடாமல் பார்த்துக்கொண்டார். கோடையில் வரப்பு வெடித்து நாற்காலிக் கால் உள்ளே போய், ஒருநாள் மத்தியானம் நாற்காலியோடு சரிந்தார். அதையும் தாக்குதல் என்று யாரோ செய்தி போட்டுவிட்டார்கள்.

இரு தரப்பையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை என்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. அதற்கு முந்தின நாள் சின்னராஜ் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். வடக்கே ஜெரினாவின் வக்கீல் அந்த அறிக்கையை ஜாமீன் மனுவோடு சேர்த்திருந்தார். இப்போது அது பொய் என்றால் மனு என்ன ஆகும் என்பது சாமியாருக்குத் தெரியும். நெடுநேரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொல்றது ஒங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார். "ஒரு அப்பாவி மேல பழியப் போட்டு வெளிய வரதுக்கு சிஸ்டர் சம்மதிப்பாகளா? நெசம் எதுவோ அதச் சொல்லிருங்க. மிச்சத்த ஆண்டவரு பாத்துக்கிருவாரு."

ஞானபூரணி சம்மதிக்கவில்லை. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. "பேரு போனாலும் சோறு தண்ணி எறங்கும்," என்றாள் அவள். "எம் பிள்ளைக்கு அங்க எறங்குதா? நீங்க போயி மச்சானக் காப்பாத்துங்க. மகள நான் இந்தியிலயே வளத்துக்கிறேன்."

தாசில்தார் ரேணுகா நல்ல அம்மாள். இரு தரப்புக்கும் மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். இந்தப் பக்கம் சாமியாரும் சின்னராஜும். அந்தப் பக்கம் ஈஸ்வரனும், அழைக்காமலே வந்த முத்துவீரனும்.

"சிலுவைய ஒடிச்சது யாரு?" என்று கேட்டார் தாசில்தார்.

"நாந்தாம்மா," என்றார் ஈஸ்வரன்.

"இல்லம்மா," என்றார் சின்னராஜ். "கஜாப் புயல்ல ஒடிஞ்சது."

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டார். "எத்தனையோ பஞ்சாயத்துப் பாத்திருக்கேன். செஞ்சவரு செய்யலம்பாரு, பட்டவரு செஞ்சாரும்பாரு. இங்க என்ன தலைகீழா நிக்கிறீங்க?"

"மாப்ள, சும்மா இருங்க," என்றார் ஈஸ்வரன் அடிக்குரலில். "பிள்ளைய நெனச்சுக்கங்க."

"நெனச்சுத்தான் மச்சான் சொல்றேன். போதும் இந்த வேசம்." சின்னராஜ் எழுந்துவிட்டார். "அம்மா, இவுக எங்களுக்காக அந்த வெள்ளக்காரர்ட்டப் பொய் சொன்னாக. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். தப்பு என்னுது. இவுக எறும்ப மிதிக்கமாட்டாக."

"நான் ஒடிச்சேம்மா. சம்மட்டியால ஒடிச்சேன்," என்றார் ஈஸ்வரன். "கேக்குறதுக்கு ஆள் இல்லாமத்தான் இத்தன நாளா சொல்லல."

முத்துவீரன் கைதட்டப் போனான். தாசில்தார் பார்த்த பார்வையில் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டுல ஒண்ணுதான் நான் எழுத முடியும்," என்றார் தாசில்தார். "இவரு ஒடிச்சாருன்னா கேசு. புயல்னா வீட்டுக்குப் போகலாம். சின்னராஜ், ஒங்க பொருள். ஒங்க வார்த்தையத்தான் எழுதுவேன். சத்தியமாச் சொல்வீங்களா?"

வாழ்க்கையில் சத்தியம் என்ற சொல்லை வாயில் எடுக்காதவர் சின்னராஜ். அன்றைக்கு எடுத்தார். "எங்க சிலுவ மேல சத்தியமா, புயல்தாம்மா."

ஈஸ்வரன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புயலென்று எழுதி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் ஈஸ்வரன் வாயைத் திறந்தார்.

"நெசத்தச் சொன்னாக்கூட நம்பமாட்டீகளா மாப்ள?"

சின்னராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பஸ் நிறுத்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரனும் கொஞ்சம் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னராஜ் முதல் ஆளாகப் போய் நற்கருணை வாங்கினார். போலீஸ்காரர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். மாட்டுக்காரர் வீட்டில் மறுபடி பால் சுரந்தது. சாமியார் விஷயத்தை எழுதி அனுப்பியதும் வெள்ளைக்காரர் வருத்தம் தெரிவித்து, அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். எடுத்ததைப் பற்றியும் பத்திரிகையில் வந்தது. அதை யாரோ வெட்டி வடக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

வைகாசியில் ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். வெளிநாட்டாரிடம் பொய் சொன்னதாகக் குற்றவாளியின் தகப்பனாரே ஒப்புக்கொண்டிருக்கிறார், இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணை வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைப்பாள் என்று அரசு வக்கீல் வாதாடினாராம். நீதிபதிக்கும் அது சரியாகப் பட்டிருக்கிறது. சாமியார் வந்து சொல்லும்போது ஞானபூரணி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, சாக்கில் மிச்சமிருந்ததையும் கொட்டிப் பரப்பினாள். புருசன் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் அதிகம் திரும்பவில்லை. ஈஸ்வரன் வீட்டுக்குப் போகிற சந்து வழியே அவள் நடப்பதில்லை. செந்தாமரை குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் கழுவி, காலியாகத் திரும்பிப் போயிற்று. அந்தப் பக்கத்தில் கிண்ணம் காலியாகத் திரும்புவது கதவைச் சாத்துவதைவிடப் பெரிய சத்தம்.

ஈஸ்வரனும் வருவதை விட்டுவிட்டார். வழியில் கண்டால், "மனு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பார். மேல் கோர்ட்டில் கிடக்கிறது என்பார் சின்னராஜ். ஈஸ்வரன் நின்று, ஏதோ சொல்லத் தொடங்குவதைப் போலத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். தன்னால்தானே பிள்ளை உள்ளே கிடக்கிறாள் என்று கூச்சப்படுகிறார் என்று சின்னராஜ் நினைத்துக்கொண்டார். மச்சான் பேரைக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை அதிகம்தான். ஆனால் கொடுத்தது நல்ல சரக்குக்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லித்தான் அவருக்குக் காலையில் எழுந்திருக்க முடிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் ஜெரினா போனில் பேசும்போது, புரியாத சொற்களுக்கு நடுவே 'மாமா' என்று வந்தது. இந்தியிலும் அதற்கு அதே அர்த்தம்தான் போலிருக்கிறது. ஈஸ்வரன் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாள். ஞானபூரணி போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் சின்னராஜ் நின்றார்.

"அச்சா," என்றாள்.

மறு தை வந்தது. மழை கம்மி, கதிர் பாதி பதர். அறுப்பு மெஷின் வருமுன் சின்னராஜ் முதல் கதிரைத் தனியாக அறுத்துக்கொண்டு குருசடிக்குப் போனார். பீடத்தில் ஏற்கெனவே ஒரு கை கதிர் பனைநாரில் கட்டி வைத்திருந்தது. ஈஸ்வரனுடையது. சிலுவையில் தொங்கவிடவில்லை, காலடியில் கிடத்தியிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வரப்பில் அவர் கால்தடம் மட்டும் போகிற வாக்கில் இருந்தது. சின்னராஜ் குனிந்து அதை எடுத்து, பனியைத் தட்டி, தன் கதிரோடு சேர்த்து வலது கையில் கட்டினார். ஒருத்தன் புயலின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதற்கு, தான் இந்த அளவாவது செய்ய முடிந்ததே என்று கண்ணை மூடி நின்றார். பிறகு ஜெரினாவுக்காக ஒரு பரலோக மந்திரமும், வேல்பாண்டிக்காக ஒன்றும் சொன்னார்.

ஈஸ்வரன் வீட்டுப் பரணில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள், வேல்பாண்டியின் பள்ளிக்கூடச் சட்டையில் சுற்றி, பனைநார் கட்டிய தடத்தோடு, கருங்கல்லில் ஒரு கை இருக்கிறது.